பேறுகாலத்தில் சொன்ன பேர்

பிள்ளை பெறுவதை ஓர் உத்தியோகம் என்று வைத்துக்கொண்டால், சேரும் நாளும் நம் கையில் இல்லாத, ராஜினாமாவும் கொடுக்க முடியாத உத்தியோகம் அது ஒன்றுதான். முன் அனுபவம் இல்லாதவளைத்தான் முதலில் எடுப்பார்கள். வேலையைச் சொல்லிக்கொடுக்க ஊரில் உள்ள அத்தனை பெண்களும் வருவார்கள். செய்கிறபோது மட்டும் நாம் ஒருத்திதான் செய்ய வேண்டும். என்னோடு இதே உத்தியோகம் பார்த்த உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நான் சேர்ந்த காலம் கொஞ்சம் மோசமான காலம். அதனால்தான் சொல்ல உட்கார்ந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் திருமயத்துக்குப் பக்கம். வீட்டுக் கொல்லையில் நின்றால் கோட்டை தெரியும். என் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்து என்னைக் கல்யாணம் செய்துகொண்டு, சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பக் கப்பல் ஏறினார். அவர் போன பிறகுதான் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. எழுதிப் போட்டோம். பதில் வருவதற்குள் பினாங்கு ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது என்றார்கள். அதோடு கடிதம் நின்றது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எங்கள் பக்கம் ஓர் ஆள் இல்லை.

என் தாயார் நான் சிறு பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாள். தலைப்பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாததால் மாமியார் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மாமியாரை அத்தை என்று கூப்பிடுவேன். மாமனார் காலமாகிப் பல வருஷம். அத்தைக்கு ஒரே மகன். ஆகவே அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர், என் வயிற்றில் ஒன்று.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும். படித்தவர்கள் சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நானும் ஐந்தாவது வரை படித்தவள்தான். ஆனால் இதை எழுதும்போதும் அவர் பேரை நான் எழுதப் போவதில்லை.

வளையல்

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் பார்த்தார்கள். வந்த பெண்கள் என் வயிற்றைப் பார்ப்பதற்கு முன்னால் நெற்றியைப் பார்த்தார்கள். அப்புறம் கழுத்தைப் பார்த்தார்கள். இவளுக்கு வளையல் போடலாமா கூடாதா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒருத்தி இந்த மாதம் அவ்வளவு சரியில்லை என்றாள். இன்னொருத்தி இடுப்பு வலிக்கிறது என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். என் கன்னத்தில் சந்தனம் பூசுவதற்கு ஒரு கையும் முன்வரவில்லை. மணையில் உட்கார்ந்துகொண்டு, அழக்கூடாது என்ற ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை தாலி அறுத்தவர். அந்தச் சடங்கில் முன்னால் வந்து நிற்க அவருக்கு வழியில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வளையல்காரர் வளையல் கோத்த மலாரத்தை அவிழ்த்து வைத்துக்கொண்டு, போடலாமா என்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ரெண்டு கையிலயும் நெருக்கமாப் போடுங்க, வளையல்காரரே. எம்புள்ள வந்து, ஏன் ஆத்தா போடலைன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்றது?"

சூட்டு வலி

ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் வலி வந்துவிட்டது. அடுத்த வீட்டுச் செல்லம்மா ஓடிப்போய்க் கருப்பாயியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். செல்லம்மா வாய் ஓயாதவள். போகிற வழியில் இருந்த அத்தனை வீட்டுக்கும் சேதி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். கருப்பாயி எங்கள் ஊர் மருத்துவச்சி. என் வீட்டுக்காரர் பிறந்ததும் அவள் கையில்தான். வந்தவள் என்னைத் தொடக்கூட இல்லை. சீரகக் கஷாயம் போட்டுக் கொடுக்கச் சொன்னாள். சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்தில் அடங்கிவிடும், பிள்ளை வலியாக இருந்தால் கூடும் என்பது கணக்கு. குடித்தேன். அடங்கிவிட்டது. வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் கலைந்து போனார்கள். எனக்கு மானம் போனது போல் இருந்தது.

சில நாள் கழித்து மறுபடியும் அதே கூத்து. அதே செல்லம்மா, அதே கஷாயம், அதே கூட்டம். இனிமேல் உயிர் போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினேன். அதற்கு அடுத்த தடவை வலித்தபோது, ஒன்றும் நடக்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பல்லைக் கடித்ததில் முகம் வேர்த்துவிட்டது. வேறு வேலையாக அந்தப் பக்கம் போன கருப்பாயி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். செல்லம்மா பழக்க தோஷத்தில் சீரகத்தை எடுத்தாள். கருப்பாயி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னாள்.

"மொத ரெண்டு தடவையும் வலிக்குது வலிக்குதுன்னு சொன்னே. இப்பச் சொல்லல. இதுதான் ஆத்தா வலி."

காதில் விழாத வேலை

உள்ளறையில் விட்டத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். வலி வரும்போது அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். செல்லம்மா முதுகைத் தாங்கினாள். அத்தை தலைமாட்டில் உட்கார்ந்து என் கொண்டையை அவிழ்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலையில் தொடங்கியது வெயில் தாழ்ந்தும் முடியவில்லை. அந்த வலியைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. பெற்றவர்களுக்குத் தெரியும், பெறாதவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. செத்துப் போகப் போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன். கருப்பாயியின் முகத்தைப் பார்த்தபோது அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று தோன்றியது.

முதலில் ஆத்தாவைக் கூப்பிட்டேன். அவள் முகமே எனக்கு நினைவில்லை. பிறகு சாமிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். அதற்கும் மேலே ஒரு வலி வந்தது. அப்போது என் வாயிலிருந்து அவர் பேர் வந்துவிட்டது. முணுமுணுப்பாக இல்லை. வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, முழுப் பேரையும் சொல்லிக் கத்தினேன். ஒரு தடவையோடும் நிற்கவில்லை. அத்தையின் கை என் நெற்றியிலிருந்து சட்டென்று விலகியது. எழுந்து அறையை விட்டு வெளியே போனார். போகிற முதுகைப் பார்த்தேன். அந்த வலியிலும் நான் என்ன செய்துவிட்டேன் என்பது புரிந்தது. இருக்கிறாரோ இல்லையோ என்று ஊரே சந்தேகப்படுகிற ஆளின் ஆயுசில் நானும் கை வைத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. கருப்பாயி உள்ளங்காலைத் தட்டினாள், முகத்தில் தண்ணீர் தெளித்தாள், தலைகீழாகப் பிடித்தாள். நான் பேரைச் சொன்னதால்தான் அப்பன் பிள்ளை இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் வீடு அதிர அழுதான். செல்லம்மா குலவை போட்டாள். முதலில் நாக்கில் வைக்கிற சீனித்தண்ணியைச் சேனை என்போம். சேனை வைப்பவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அத்தை வெளியிலிருந்து இன்னும் வரவில்லை. பக்கத்தில் கிடைத்த ஆள் செல்லம்மாதான். அவளே தொட்டு வைத்தாள்.

கருப்பாயி என்னைத் துடைத்துச் சுத்தம் செய்யும்போது அவள் காதோடு கேட்டேன், நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டதா என்று. அவள் வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"தலைச்சம்புள்ளைக்காரி எவ புருஷன் பேரைச் சொல்லாமப் பெத்திருக்கா? அது காதுல விழாம இருக்கத்தானே ஆத்தா எனக்கு நெல்லு அளக்குறாக."

அப்பன் ஜாடை

மற்றத் தொழிலில் வாடிக்கைக்காரர்கள் சரக்கு வருவதற்கு முன்னால் வருவார்கள். இந்தத் தொழிலில் சரக்கு வந்த பிறகுதான் வருவார்கள். பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்கிவிடும் என்று எல்லாரும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பொங்கியது பயம்தான். இவ்வளவு சின்னதாக ஒன்றை என்னை நம்பி விட்டுவிட்டார்களே என்று அது தூங்கும்போதெல்லாம் மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கிற காய மருந்தின் காரத்தில் நாக்கு வெந்து கிடந்தது. பால் கட்டிக்கொண்டு மார் கல்லாக இருந்தது. அத்தை எனக்கு வேண்டியதை எல்லாம் வேளை தவறாமல் செய்தார். ஆனால் அன்று எழுந்து போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கோபம் உள்ளே இருக்கிறது, பச்சை உடம்புக்காரி என்று விட்டுவைத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜாடை பார்த்தார்கள். மூக்கு அப்பன் மூக்கு, காது அப்பன் காது, அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். யார் அப்படிச் சொன்னாலும் அத்தை பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தரம் காட்டுவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரியும். ஒருத்தி வந்தாள். அவள் தம்பி பர்மாவிலிருந்து மலையும் காடுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தவன். வந்தவனைப் பற்றியே வெகு நேரம் பேசினாள். எழுந்து போகும்போது பிள்ளையின் தாடையைத் தொட்டுத் தன் நெற்றியில் விரல்களை முறித்துத் திருஷ்டி கழித்துவிட்டு, நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள்.

"மூஞ்சியையாச்சும் குடுத்துட்டுப் போனானே. அந்த மட்டுக்கும் புண்ணியம்."

பேர் வைத்த நாள்

முப்பதாம் நாள் கழிந்து பேர் வைக்க உட்கார்ந்தோம். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பேரை வைப்பது எங்கள் வழக்கம். அதில் பேச்சுக்கே இடமில்லை என்று நினைத்திருந்தேன். மாமனாரின் அண்ணன் நல்ல மனுஷர். தம்பி போன பிறகு இந்தக் குடும்பத்துக்கு ஆண்துணையாக இருந்தவர் அவர்தான். அவர் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தத் தடவை வழக்கத்தை மாற்றிப் பிள்ளைக்கு அவன் அப்பன் பேரையே வைத்துவிடலாம் என்றார். அவன் பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டாமா என்று கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

இறந்து போனவர்கள் பேரைத்தான் பிள்ளைக்கு வைப்போம். இருக்கிறவர் பேரை வைக்க மாட்டோம். அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பேரைக் கத்திச் சொன்னவள் நான். இப்போது அதை ஊர் கூடி முடித்து வைக்கப் போகிறது என்று நினைத்தேன். அத்தை அந்தப் பெரியவர் முன்னால் நேராக நின்று பேசியதே கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் செல்லம்மாவிடம் சொல்வார், அவள் எடுத்துச் சொல்வாள். அன்று அடுக்களைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நடுக்கூடத்தில் நின்றார்.

"அந்தப் பேருக்கு இந்த வீட்டுல ஆளு இருக்கு, பெரியவுகளே. பேரனுக்குத் தாத்தா பேரை வைங்க."

குளிப்பாட்டும்போது

தாத்தா பேரையே வைத்தார்கள். அதனால் வந்த சங்கடத்தையும் கேளுங்கள். மாமனார் பேரை மருமகள் சொல்லக்கூடாது. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. வீட்டில் இருந்ததோ ஒரு மருமகளும் ஒரு பெண்டாட்டியும். ஆக, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியும் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போயிற்று. தம்பி, தம்பி என்றே வளர்ந்தான். செல்லம்மா மட்டும் வேலி ஓரமாக நின்று வேண்டுமென்றே முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுவாள்.

பேர் வைத்த மறுநாள் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் வெந்நீர் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வலி பொறுக்காமல் அவர் பேரைச் சொல்லிவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள், அதற்கு ஏதாவது பரிகாரம் இருந்தால் சொல்லுங்கள், எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போய்ச் செய்கிறேன் என்றேன். நீங்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போனீர்களே என்றும் சொன்னேன். அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் என்ன சொல்கிறேன் என்பதே அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு பிள்ளையின் முதுகில் தண்ணீரை வார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கோவமா? நீ கூப்பிட்ட கூப்பாட்டுல, அவன் வந்துட்டான், அவனைப் பாத்துட்டுத்தான் நீ கூப்பிடுறேன்னு நெனச்சேன். உள்ள கெடக்கிறவளுக்கு வாசல் எப்படித் தெரியும்னு எனக்கு அப்பத் தோணல, ஆத்தா. அங்கிட்டு ஓடிப்போயி ரோடு முடியுற வரைக்கும் பாத்துட்டு வந்தேன்."

பேர் சொல்லும் பிள்ளை

அதற்குப் பிறகு எனக்கு அத்தையிடம் பயம் போய்விட்டது. இரண்டு பேரும் ஒரே வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துவிட்டது. மகன் பேரைச் சொல்ல அத்தைக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் எடுத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். எனக்கோ தொண்டை நன்றாக இருந்தது, சொல்ல உரிமை இல்லை. ஆகவே அந்தப் பேர் வீட்டில் ஒலிப்பதற்கு அத்தை ஒரு வழி செய்தார். பிள்ளைக்குப் பேச்சு வந்ததும் முதலில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார். விளக்கு ஏற்றியதும் மடியில் வைத்துக்கொண்டு, ஒங்க அப்பா பேரென்ன என்று கேட்பார். அவன் மழலையில் சொல்வான். நான் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சில நாள் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்கச் சொல்லி அத்தையிடம் ஜாடை காட்டியதும் உண்டு.

சேனை வைத்தது செல்லம்மா அல்லவா, வாய்க்குப் பஞ்சமில்லை. வளையல்காரர், தபால்காரர், ஆடு மேய்க்கிறவர் என்று தெருவில் போகிற யாரையும் நிறுத்தி நீங்க யாரு என்று கேட்பான். அவர்கள் சொன்னதும், எங்க அப்பா பேரு இன்னது என்று கேட்காமலே சொல்வான். யுத்தம் முடிந்தது. அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சிலர் திரும்பி வந்தார்கள். சிலரைப் பற்றிச் சேதி மட்டும் வந்தது. எங்களுக்கு இரண்டும் வரவில்லை. பெரியவர் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்தால் என் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். அத்தையும் நானும் அதைப் பார்க்காதது போல் இருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம். அத்தை முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் பிள்ளை யாரிடமோ பேசுவது கேட்டது. வழக்கமான விசாரணைதான் என்று நான் காது கொடுக்கவில்லை. திடீரென்று உள்ளே ஓடி வந்தான். முகமெல்லாம் கோபம். யார்டா என்று அத்தை கேட்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் நேராக என்னிடம் வந்து என் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"ஆத்தா, வாசல்ல ஒரு ஆளு நிக்கிறாரு. யாருன்னு கேட்டா எங்க அப்பா பேரைச் சொல்றாரு."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை இதே உத்தியோகத்தில் சேர்ந்தேன். ஆனால் ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருந்ததால், பேர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.